ஒன்பது பெட்டி

செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணி.
மீன் ஆலையின் சங்க அறையில்
ஏழு பெண்கள், நான்கு கணினி.
அடுத்த மாதம் முதல் எடையைத் தாளில் எழுதக் கூடாதாம்,
திரையில் ஏற்ற வேண்டுமாம்.
சொல்லித்தர வந்திருக்கிறான் சோல்வி,
என் மகளைவிடச் சின்னவன்.
எங்கள் விரல் வாடைக்காக ஜன்னலைத் திறந்துவிட்டு
திறந்ததற்காக வெட்கப்படுகிறான்.

இந்தத் தீவின் மொழியில் கணினிக்குப் பெயர் தோல்வா.
எண்ணையும் குறிகாரியையும்
சேர்த்து முடிந்த சொல் என்கிறாள் ஆல்ப்திஸ்.
திரைக்கு உள்ள சொல் இன்னும் பழையது;
கண்ணாடி வராத காலத்தில்
புல்கூரை வீடுகளில்
சவ்வு இழுத்துக் கட்டிய ஜன்னலின் பெயர்.
சவ்வு வழியே என்ன தெரியும்?
வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது.
போலந்திலிருந்து வந்து பதினொரு வருடம்,
எனக்கு இந்த ஊர் அப்படித்தான் தெரிகிறது.

“இது சுட்டி” என்றான்.
ரெமெடியோஸ் அதைத் தூக்கித்
திரைமேல் வைத்துத் தேய்த்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.
அடுத்தது எங்கள் முறை.

“வன்பொருள்” என்று பெட்டியைத் தட்டினான்.
“மென்பொருள்” என்றபோது தட்ட ஒன்றுமில்லாமல்
கை காற்றில் நின்றது.
எதையும் குழாய் பீய்ச்சிக் கழுவுகிறவர்கள் நாங்கள்.
நான் குறித்துக்கொண்டேன்:
முதலாவதைக் கழுவினால் கெடும்.
இரண்டாவதைக் கழுவ வழியில்லை.

கோப்பு புரிந்தது, மீன் பெட்டி மாதிரி.
கோப்புறை, பெட்டிகளை அடுக்கும் பலகை.
உறைக்குள் உறை வைக்கலாமா என்றாள் ஆல்ப்திஸ்.
எத்தனை வேண்டுமானாலும்.
பதினான்கு வைத்தாள், ஒன்றுக்குள் ஒன்றாக,
கடைசியில் எதையோ தட்டிவைத்து மூடினாள்.
கணினி பெயர் கேட்டது;
‘புதிய கோப்புறை’ என்றே விட்டுவிட்டாள்.
நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

கடவுச்சொல்: எட்டு எழுத்து, ஓர் எண்,
யாரிடமும் சொல்லக் கூடாது.
ரெமெடியோஸ் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள்,
மூத்த மகனின் பெயர்,
அவனை செபுவில் விட்டுவந்த வருடம்.
மாற்று என்றான் சோல்வி.
மாட்டேன் என்றாள்.

நவம்பரில் புயல்.
இரவுப் பணி, திரையருகே நான்.
இருநூற்றுப் பதினான்கு பெட்டி ஹேடாக் ஏற்றி முடித்தேன்,
மின்சாரம் போனது.
பெல்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம்
இருட்டில் மீன்கள் சறுக்கிக்கொண்டிருந்தன.
மேற்பார்வையாளர் டார்ச்சோடு வந்தார்.
“போகுமிவா, சேமித்தாயா?”
சேமிப்பு என்றால் எனக்கு வங்கிதான் நினைவு வரும்.
அதுவும் செய்ததில்லை.

சோல்வியை எழுப்பி வரவழைத்தோம்,
பைஜாமாவின் மேல் கோட்டு.
மின்சாரம் இருக்கும்வரைதான்
நினைவகத்துக்கு நினைவு இருக்கும் என்றான்.
வட்டுதான் மறக்காதது.
மறதிக்கு நினைவகம் என்று யார் பெயர் வைத்தது என்றேன்.
பதில் தெரியவில்லை அவனுக்கு.

வெளிச்சம் வந்ததும் திரையில் ஒரு சாம்பல் கட்டம்:
மீட்கப்பட்ட கோப்பு. திறக்கவா?
இருநூற்றைந்து இருந்தன.
ஒன்பது இல்லை.
அந்த ஒன்பதும் கன்டெய்னருக்குள் போய்ப்
பூட்டும் போட்டாயிற்று.

கூலி எடைக்குத்தான்.
நாங்களே எடை போட்டோம்.
இருபத்தைந்து என்றேன் நான்.
இருபத்தாறு என்றாள் ஆல்ப்திஸ், தேவாலயக் குரலில்.
ரெமெடியோஸ் இருபத்தொன்பது என்றாள்,
பெட்டியே அவ்வளவு கொள்ளாது;
அதையும் ஏற்றினேன்.

உள்ளீடு எதுவோ வெளியீடும் அதுவே என்று
போன வாரம் பலகையில் எழுதியவன்
தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு ஒரே ஒரு சொல் சொன்னான்.
“சேமி.”

சேமித்தேன்.
குறிகாரி அத்தனையும் நம்பினாள்.