பிப்ரவரி மூன்றாம் வாரம்

இலவச விறகுக்கு என்ன விலை என்று
ஓடில் திபொடோ கேட்டபோது
முதலில் சிரித்தவன் நான்தான்.

மெய்ன் மாநிலத்தின் வட கோடியில்,
ஆற்றைத் தாண்டினால் கனடா,
தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை:
அதுதான் எங்கள் விறகு வங்கி.
பதினொரு பேர், பிளக்கும் எந்திரம் ஒன்று,
பிரேக் போட்டால் முனகுகிற என் லாரி.
எண்ணெய் வாங்க வக்கில்லாத வீட்டு வாசலில்
விறகை இறக்கிவிட்டு வருவோம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் அடுப்பில் போடுகிறவர்கள்,
அளந்ததே இல்லை.

ஓடில் முப்பது வருஷம்
உருளைக்கிழங்குக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதியவள்.
டீசல், பிளேடு, காப்பீடு,
லூசியன் டேகிளின் தோள் பிசகியபோது
நாங்கள் கொடுத்த பாதி வைத்தியச் செலவு,
எல்லாவற்றையும் கூட்டி, சுமைகளால் வகுத்து
ஒரு லாரிக்குத் தொண்ணூற்று நாலு டாலர் என்றாள்.
சும்மா வந்த மரத்துக்கு!

காபி ஆறிப்போனது.

பிறகு தாளைத் திருப்பினாள்.
பின்பக்கத்தில் மாதங்கள், வீடுகள்,
பென்சில் கோடு ஒன்று.
இறங்கி இறங்கி அது
பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தரை தொட்டது.
"அதுக்கப்புறம்?" என்றான் லூசியன்.
"நல்ல மனசு மட்டும் மிச்சமிருக்கும்," என்றாள்.
"அது எரியாது."

அந்த வாரத்தை எனக்குத் தெரியும்.
போன வருஷம் அதே வாரம்
ரோஷெல் வெலெட் வீட்டில் பச்சை மேப்பிளை இறக்கினேன்.
வெட்டி ஆறு வாரம் ஆகாத மரம்.
அடுப்புக்குள் நுரை கக்கி அழுதது.
புகையில் அவள் பையன் இருமிக்கொண்டே இருந்தான்.
அவள் நன்றிதான் சொன்னாள்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
இந்தத் தாளுக்கு யார் சொன்னது?

விறகுக்காரனுக்கு ஒன்று தெரியும்,
இன்று வெட்டியது இன்று எரியாது.
இந்தப் பனிக்கு வேண்டியதைப்
போன வசந்தத்திலேயே பிளந்திருக்க வேண்டும்.
அதைத்தான் அவளும் சொல்கிறாள்
கோடரி இல்லாமல்.

பட்டியலில் நாற்பத்தொரு வீடு.
முப்பத்தொன்றுக்குத்தான் காய்ந்த விறகு.
பத்துப் பேரிடம் இல்லை என்று யார் போய்ச் சொல்வது?
"இப்போது அக்டோபர்," என்றாள் ஓடில்.
"இப்போது சொன்னால் வேறு கதவைத் தட்டுவார்கள்.
பிப்ரவரியில் சொன்னால்
தட்டக் கை விறைத்திருக்கும்."
கடைசியாக உயர்ந்த கை என்னுடையது.
போய்ச் சொன்னதும் நான்தான்.
ஏழு வீட்டில் தலையாட்டினார்கள்.
இரண்டில் கதவு முகத்தில் மூடியது.
பத்தாவது வீட்டுக்காரர்
கையுறையை மாட்டிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்,
பிளக்க ஓர் ஆள் கூடியது.

ஏப்ரல். முழங்கால் சேறு.
யாருக்கும் குளிராத நாளில்
விறகு பிளப்பது விநோதமாகத்தான் இருக்கிறது.
அடுக்கின் முகப்பில் சுண்ணக்கட்டியால்
அடுத்த வருஷத்தின் எண்ணை எழுதினாள் ஓடில்.
வெயில் படட்டும் என்று நகர்ந்து நின்றோம்.

லாரி இன்னும் முனகுகிறது.
பிரேக்குக்கு ஜூலையில்
பணம் ஒதுக்கியிருக்கிறதாம்.