நூற்றுச் சொச்சம் ஏக்கர்

ஞாயிறு பூசை முடிந்ததும் வினாடி வினா.
வத்திக்கானுக்கு ஒரு சார்ட் எழுதித் தா என்றார்
பங்குச் சாமியார் ஸ்தனிஸ்லாஸ்.
தன்லின் குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே
தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டு
விண்ணப்பம் நிரப்புகிறவன் நான்.
தாளுக்கு ஆயிரம் கியாட்.
எழுத்துப்பிழைக்குக் கூலி திருப்பித் தரப்படும்.

முதலில் நிலம்.
நூற்றுச் சொச்சம் ஏக்கர்.
சௌத்தான் சாலையில் அம்புரோஸ் சகோதரர்கள்
குத்தகைக்கு உழும் வயல் அவ்வளவு வரும்.
சுற்றி நடந்தால் முக்கால் மணி நேரம்.
வாயிலிட்ட வெற்றிலை சாறு இறங்குவதற்குள்
ஒரு நாட்டின் நான்கு திசையும் தீர்ந்துவிடும்.
ஆறில்லை, கடலில்லை, நெல்லில்லை.
குன்று ஒன்று.
ரயில் நிலையம் ஒன்று,
ஆட்களைவிடச் சரக்கை அதிகம் கண்டது.
ஏறக்குறையப் பாதி தோட்டம்;
அதற்குப் பச்சை மை பூசினேன்,
என் அடையாள அட்டையின் அதே பச்சை,
பாதிக் குடிமகன் என்று பார்த்ததும் தெரிகிற பச்சை.
சதுக்கத்தில் தரையோடு ஒரு வெள்ளைக் கோடு:
அதுதான் எல்லை.
புறாக்கள் நாள் முழுக்கத் தாண்டும்,
முத்திரை கேட்க ஆளில்லை.

"அண்ணே, மூணாவது தடவையும் திருப்பிட்டாங்க."
கருவாட்டுக் கூடையை இறக்கிவிட்டு நின்றாள் செசிலி.
மகனுடைய படிவம். ஒன்பதாம் கட்டம்:
பாட்டனார் இந்நாட்டில் இருந்ததற்குச் சான்று.
இருந்தார்.
இந்த ஊர் சிரியமாக இருந்த காலத்தில்
படகுத்துறையில் அரிசி மூட்டை சுமந்தார்.
மூட்டைக்குச் சீட்டு உண்டு,
சுமந்தவருக்கு இல்லை.

கொஞ்சம் இரு, என்றேன். அரசாங்கம் மட்டும் பாக்கி.

சட்டம் எழுதுபவர், நடத்துபவர், தீர்ப்புக்கு மூலவர்
மூவரும் ஒருவரே;
ஞானோபதேச வகுப்பில் நெட்டுருப் போட்ட கணக்குதான்.
அவர் இறந்தால்
எண்பது வயது தாண்டாத கர்தினால்கள்
கதவைப் பூட்டிக்கொண்டு வாக்களிப்பார்கள்.
மூன்றில் இரண்டு சேராவிட்டால் கரும்புகை.
எரிவது வாக்குச்சீட்டு.
நம்மூர்ப் புகை எதனுடையது என்று எழுத
சார்ட்டில் இடம் போதவில்லை.

பிறகு குடிமக்கள்.
இங்கே பேனா நின்றது.

அங்கே பிறப்பால் எவனும் குடிமகன் இல்லை.
பாட்டன் பேர் கேட்க மாட்டார்கள்.
வேலை இருக்கும்வரை நாடு இருக்கும்.
கோடுபோட்ட கால்சட்டையில் ஈட்டி பிடித்து நிற்கும் பையன்
பணி முடிந்த நாளில்
உடுப்போடு நாட்டையும் மடித்து வைத்துவிட்டுப் போவான்.

படித்துக் காட்டினேன்.
செசிலி ஈ ஓட்டிக்கொண்டே கேட்டாள்:
"வேலையும் போயி, வேற நாடும் இல்லாதவன்?"

சாமியார் கேட்காத கேள்வி.
பதினொரு மாதம் வரிசையில் நின்றவளுக்கு
ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

புத்தகத்தைப் புரட்டினேன். அடிக்குறிப்பில் இருந்தது.
வேறு நாடு இல்லாதவனை
இத்தாலி தன் குடிமகன் என்று எண்ணிக்கொள்ளும்.
அப்படி ஒரு ஒப்பந்தம்.

"சும்மாவா?"
சும்மாதான்.
"எத்தனை பாரம்?"
அதைப் போடவில்லை.

அவள் சிரிக்கவில்லை.
கூடையைத் தலைக்கு ஏற்றுமுன்
ஆயிரம் கியாட்டை மைப்புட்டிக்கு அடியில் செருகினாள்.
"நம்ம பாரத்தை எழுதுங்க."

நான்காம் முறையாக ஒன்பதாம் கட்டத்தில்
அவர் பெயர், துறை, மூட்டை எல்லாம் எழுதினேன்.
இணைப்பு என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை.
கைக்கு முதலில் அகப்பட்டது அவள் படிவம்,
அதைச் சட்டைக்குள் திணித்தேன்.
நாடு மேசையில் நனைந்தது.

எடுத்துப் பார்த்தால்
தோட்டத்துப் பச்சை கரைந்து
வெள்ளைக் கோட்டைத் தாண்டி
ரோமாபுரிக்குள் ஒரு விரற்கடை போயிருந்தது.

அப்படியே மாட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை.