பதினாறு என்கிறது

பதினெட்டை இறக்கி நிறுவி முடித்தாயிற்று.
பச்சை எழுத்தில் வாழ்த்துக்கூடச் சொன்னது.
இப்போது உன் பதிப்பு என்ன என்று கேட்டால்
பதினாறு என்கிறது.

திரும்பக் கேட்டேன்.
பதினாறு.
கேட்ட விதம் பிழையோ என்று
ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டிக் கேட்டேன்.
பதினாறு.

விடிந்தால் இருபத்தைந்தாம் திகதி.
தெகிவளையில் ஓர் ஆஸ்பத்திரி,
நூற்றுப் பன்னிரண்டு தாதியர், நாலு சாரதிமார்,
அவர்களுடைய ஓவர்டைம் எல்லாம்
என் மடியில் சூடேறிக் கிடக்கிறது.
வெள்ளவத்தையில் இந்த அறைக்கு வந்து பதினோரு நாள்.
பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை.
கோச்சி போகிறபோதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கிறது.

ஹிஷாமுக்கு ஃபோன் எடுத்தேன்.
"எங்க இருந்து எழும்புதெண்டு பார்" என்று
நித்திரைக்குள் இருந்து சொல்லிவிட்டு வைத்தான்.
பார்த்தேன். பாதையில் முதலில் நிற்பது புதியதுதான்.
வழி சரி. வாசல் சரி.
உள்ளே இருந்து குரல் கொடுப்பவன் மட்டும்
பழையவன்.

இடையில் ஓர் அழைப்பு.
"அக்கா, கொத்து குடுத்திட்டன்."
எங்க?
"கொட்டாஞ்சேனையில, மூண்டாம் மாடி.
ஒரு அண்ணை வந்து வாங்கினார்."
தம்பி, நான் முகவரியை மாத்திட்டனே.
கொஞ்ச நேரம் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது.
"உங்கட பேரைப் பாத்தன் அக்கா,
மெப்பைப் பாக்கேல்லை.
எத்தனை தரம் வந்த இடம்."

ஏசுவதற்குத் திறந்த வாயை
மூட மறந்து திரையைப் பார்த்தேன்.

இதுவும் மெப்பைப் பார்க்கவில்லை.
காலையில் ஒருதரம் போன இடத்தை
உள்ளங்கையில் குறித்து வைத்துக்கொண்டு
நேரே அங்கேயே ஓடுகிறது.
பழையவனும் அந்த அண்ணையைப் போலத்தான்,
யாருக்கு வந்தது என்று கேளாமல்
கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறான்.

போன இடங்களை மற என்பதற்கு
ஐந்து எழுத்து, இடையில் ஒரு சிறு கோடு.
அடித்தேன்.

பதினெட்டு.

எழும்பி ஒரு கப் தண்ணீர் குடித்தேன்.
அவ்வளவு கெதியில் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.
சம்பளத்தை ஓட்டினால்
கடவுச்சொல் பூட்டுகிற மொட்யூல் முறைக்கிறது,
தன்னைப் பதினாறுக்கென்றே கட்டினார்களாம்.
அதோடு கதைத்துப் பயனில்லை.
அடைவை முழுதாய் அழித்து
டேட்டாவுக்கு ரீலோட் போட்டு
எழுநூற்றுச் சொச்சம் பொதிகளைத் திரும்ப இறக்கி
ஒவ்வொன்றாய்க் கட்டுகிறவரை
ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஓடியது.
முதல் வரியில் குமுதினி, இரவுக் கடமை ஒன்பது.
அவளை நான் கண்டதில்லை.
அந்த ஒன்பதையும் ஒருதரம் கையால் கூட்டிப் பார்த்தேன்.

கீழே மோட்டார் சைக்கிள்.
இர்ஷாத், ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
பூட்டப் போன கடையில் தன் காசுக்கு வாங்கிய
இரண்டு பரோட்டாவை நீட்டினான்.
சுவரில் கதவிலக்கத்தை வாய்விட்டு வாசித்தான்.
"இடம் பாடமாயிட்டு.
இனி மறக்கமாட்டன் அக்கா."

எனக்குப் பயமாக இருந்தது.