நிகர எடை

பஹாவ் டவுனில் லீ ஹோங் கடையில் பாதி,
பார்சலில் வந்தது பாதி.
மில் கொடுத்த போனசும் ஒரு சீட்டும் கரைந்து
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி
சாப்பாட்டு மேசைமேல்
கறுப்புப் பெட்டியாய் நின்றது.
நானே பூட்டினேன்,
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு.

மூன்றாம் நாள் திரை நீலமானது.
சோகமுகம் ஒன்றைக் காட்டி
ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துத்
தானே செத்து, தானே பிழைத்தது.
அடுத்தது அன்று மாலை.
அதற்கடுத்தது இளமாறன் பந்தாட்டம் பார்க்கையில்,
கோல் விழுமுன்.
ஒருநாள் ஒன்பது முறை.
ஒருநாள் ஒன்றுமே இல்லை.

'சூடு' என்றார் லீ ஹோங்.
காற்றாடி இன்னொன்று வாங்கினேன்.
'மெமரி' என்றான் அவர் மகன்.
இரண்டு குச்சியில் ஒன்றை உருவி,
பிறகு மற்றதை உருவி, இடம் மாற்றிச் செருகி
நள்ளிரவிலிருந்து விடியும்வரை சோதனை ஓட்டினேன்.
எட்டுச் சுற்று. பிழை சுழியம்.
எதிர்வீட்டு நோர்லைலாவின் மகனிடம்
பவர் சப்ளை இரவல் வாங்கினேன்.
அதோடும் செத்தது.
இளமாறன் ஒன்றும் சொல்லவில்லை;
காலையில் பார்த்தால் பெட்டியின் நெற்றியில் குங்குமம்,
காலடியில் நறுக்கிய எலுமிச்சை.
அன்றைக்கு நான்கு முறை.

எப்போதும் வலித்தால் இடம் தெரிந்துவிடும்.
இது டாக்டரைக் கண்டதும் சிரிக்கும் பிள்ளை.

நான் எடைப்பாலத்துக் கிராணி.
தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், எழுதிவைப்பது.
மில்லில் போடும் அதே கட்டங்களைப் போட்டு
வண்டி எண் இருக்கும் இடத்தில் கோடு கிழித்து
செத்த நேரங்களை நோட்டில் ஏற்றினேன்.
செவ்வாய்: 2.41, 3.05, 3.50, 9.18.
புதன்: ஆறு.
ஞாயிறு: இல்லை.
மழையில் குலை வெட்டு நின்ற வியாழன்: இல்லை.
மறு ஞாயிறும் இல்லை.

ஓய்வுநாள் அனுசரிக்கும் கம்ப்யூட்டரா?

திங்கள் மதியம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
செல்லக்கண்ணு லோரி பாலத்தில் ஏறுகிறது,
செம்பனைக் குலை குவிந்து, முப்பத்தொரு டன்.
டிக்கெட் அடித்துக் கிழிக்கும்போது
ஏதோ உறுத்த, பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.
போன வாரத்து அடிக்கட்டைகளை இழுத்துப் போட்டேன்.
செவ்வாய்: 2.48, 3.12, 3.57, 9.25.

என் வீட்டு வாசலிலிருந்து மில்லுக்கு
சுமையேறிய லோரி வர ஏழு நிமிடம்.

வெறும் வண்டியாய்த் திரும்பும்போது ஒன்றும் நடக்கவில்லை.
நள்ளிரவுக்கு மேல் வண்டியே இல்லை.
சோதனை அத்தனையும் ஊர் தூங்குகையில்
செய்து முடித்திருக்கிறேன்.

வெளியே ஹார்ன் அடித்தார்கள்.
'கிராணியம்மா, தூக்கமா?'

அன்றிரவு பெட்டியைப் படுக்கவைத்துப்
பலகையைக் கழற்றினேன்.
எட்டு ஓட்டைக்கு ஒன்பது பித்தளைக் காலை
நட்டுவைத்திருந்தேன்.
கூட வந்ததை ஏன் வீணாக்க என்று
நட்டது நான்தான்.
ஒன்பதாவது, தாங்க ஒன்றுமில்லாமல்
பலகையின் அடியில் ஒரு தாள் இடைவெளியில்
காத்துக்கொண்டு நின்றது.
வாசல் பள்ளத்தில் முப்பது டன் இறங்கினால்
மேசை நடுங்கும்.
தாள் இடைவெளி மூடும்.

பதினொரு நாள் ஆகிறது.
பள்ளம் அப்படியே இருக்கிறது; லோரி போனால்
அலமாரியில் கிளாஸ்கள் பேசிக்கொள்கின்றன,
திரை அசையவில்லை.
எலுமிச்சை மெதுவாகத்தான் வேலை செய்யும்
என்கிறான் இளமாறன்.

அந்தப் பித்தளைக் காலைக் கொண்டுபோய்
வண்டியில்லாத நேரம் பார்த்து
எடைப்பாலத்தின் நடுவில் வைத்தேன்.
ஓடி வந்து கூண்டுக்குள் பார்த்தேன்.
மொத்தம் சுழியம்.
நிகரம் சுழியம்.
டிக்கெட் மட்டும் ஒன்று அடித்துக்கொண்டேன்.