மேலே வராத கண்ணாடி

கீழே போகும்; மேலே வராது.
அறுபத்தேழாம் வருடத்து பியூக்கின்
வலப்பக்கக் கண்ணாடிக்கு
அதுதான் இந்தக் கோடையின் நோய்.

ஷெலெஃப்தியோவில் ஜூன் மாதம்
சூரியன் அடையாமல் விழித்திருக்கும்,
அதோடு கொசுவும்.
குப்பைப் பையை வெட்டி, நாடா ஒட்டி,
ஜன்னலை அடைத்துவைத்தேன்.
எழுபதைத் தொட்டால் பை மூச்சுவாங்கும்.
எதிரே வரும் மரக்கட்டை லாரிக்காரன்
சிரித்தபடி ஹாரன் அடிப்பான்.

ஃபியூஸ் பார்த்தேன்.
(கீழே போகிறதே, ஃபியூஸ் எப்படிப் போயிருக்கும்;
இருந்தும் பார்த்தேன்.)
என் பக்கத்துப் பொத்தானைக் கழற்றி
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
ம்ஹும்.
கதவின் உள்ளட்டையைப் பெயர்த்து
சுத்தியல் பிடியால் மோட்டாரைத் தட்டினேன்,
தூங்குகிறவனை எழுப்புவதுபோல.
பிறகு தீர்ப்பு எழுதினேன்: மோட்டார் போய்விட்டது.
ஒஹாயோவிலிருந்து ஒன்று வரவழைத்தேன்.
விலையைச் சொல்லமாட்டேன்.

பனிக்காலத்தில் இரவல் வாங்கிய ஏணியைத்
திருப்பித் தர வந்தாள் யேர்டிஸ்.
மர ஆலையில் மின்சாரம் பார்ப்பவள்.
கேட்காமலே கதவைத் திறந்தாள்,
இருக்கையில் கிடந்த செய்தித்தாள்களையும்
என் மழைச்சட்டையையும் பின்னால் எறிந்தாள்,
உட்கார்ந்தாள்,
தன் பக்கத்துப் பொத்தானை இழுத்தாள்.

கண்ணாடி வந்தது.
முனகிக்கொண்டு, பாதியில் ஒருமுறை யோசித்து,
ரப்பரில் போய்ப் பதியும்வரை வந்தது.

"இதை நீ இழுத்துப் பார்க்கவேயில்லையா?"

அங்கே யார் உட்கார்ந்தார்கள்
இழுத்துப் பார்க்க?
அதைச் சொல்லவில்லை.
"கைக்கு எட்டாது" என்றேன்.
மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை.
அவளும் கண்ணால் அளந்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

மோட்டாருக்கு உயிர் இருக்கிறது.
என் கைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவேதான்
எங்கோ பேச்சு நின்றிருக்கிறது.

நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் சோதனை விளக்கின் ஊசியால்
கம்பி கம்பியாகக் குத்திக்கொண்டு போனாள்.
கால் வைக்கும் இடத்தில்: எரிந்தது.
கதவுக்குள்: இருட்டு.
இரண்டுக்கும் இடையில் கீல் அருகே
மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய்.
அதைப் பிதுக்கி எடுத்தாள்.
பச்சைக் கம்பி, ஒரு கீறல்கூட இல்லை.
இரு முனையும் பிடித்து இழுத்தாள்;
நடுவில் சூயிங்கம் மாதிரி நீண்டது.
ஐம்பது வருடம் கதவு திறந்து மூடியதில்
உள்ளே செம்பு இழை இழையாய் விட்டுப்போயிருந்தது,
மேல்தோலுக்குத் தெரியாமல்.

வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்தாள்.

என் பக்கத்தில் இழுத்தேன். மேலே வந்தது.
அவள் தன் பக்கத்தில் அழுத்தினாள். கீழே போனது.
நான் மேலே.
அவள் கீழே.
"பேட்டரி தீர்ந்துவிடும்" என்றேன்.
"தீரட்டும், தள்ளலாம்."
அதற்குள் வண்டிக்குள் நூறு கொசு.

ஒஹாயோ மோட்டார் வியாழக்கிழமை வந்தது.
பெட்டியைப் பிரிக்கவில்லை.
பழக்கத்தில் வலப்பக்க இருக்கையில் வைக்கப்போனேன்,
பிறகு டிக்கியில் வைத்தேன்.