அணைக்க வேண்டாம்

அறுபத்திரண்டு விழுக்காட்டில்
மறுபடியும் செத்தது.

நீலத்திரையில் ஒரு சோகமுகம்.
இரண்டு புள்ளி, ஓர் அடைப்புக்குறி.
அழுவதற்கு அவ்வளவு போதும் போல.

'கணினியை அணைக்க வேண்டாம்' என்றது
சற்று முன்தான்.
நானா அணைத்தேன்?
எந்தப் பொருளிலும் இல்லை.
பத்தடி தள்ளிப்
பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அதுவாகவே
'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று
நாற்பது நிமிடம் சுற்றும்.
நேற்றைக்கே போய் நிற்கும்.
அப்படியொரு வசதி
இந்த அரசரடியில் வேறு யாருக்கு இருக்கிறது?

தேதி பதினாறு.
இருபதுக்குள் பதினொரு கடைக்கு
வரிக்கணக்கு ஏற்ற வேண்டும்.
நெல்பேட்டைக் கருவாட்டு மண்டி,
கீழமாரட் வீதி வெங்காயக் கடை,
பைபாஸ் ரோட்டில் டயர் விற்கும் இருவர்,
அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை கிடையாது,
ஆளுக்கொரு கோப்பு.
எல்லாம் இந்தத் தகரப் பெட்டிக்குள்.

ரியாஸ்கனி போனில் கேட்டான்:
"என்னக்கா, சூடாகுதா?"
கத்திரி வெயிலில் மதுரையில்
சூடாகாதது எது தம்பி?
பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியை அதற்கு வைத்துவிட்டு
நான் வேர்த்தேன்.
உள்ளே
ஒரு கம்பளி நெய்யும் அளவு தூசி.
பவர் சப்ளையின் மூலையில்
இரண்டு பல்லிமுட்டை ஓடு.
பல்லி எதுவும் சொல்லவில்லை.
அறுபத்திரண்டு.

மறுநாள் ஹார்டு டிஸ்க்கைச் சோதித்தேன், பழுதில்லையாம்.
வைரஸ் தேடினேன், இல்லையாம்.
எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று
பெரியாஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிய ஆள்போல
என்னையே பார்த்தபடி இருந்தது.

மூன்றாம் இரவுதான் கவனித்தேன்.
சாவதற்கு ஒரு நொடி முன்
டியூப்லைட் கண் சிமிட்டுகிறது.
பத்து ஐம்பது.
கீழ்வீட்டு முத்துராக்கு
கிரைண்டர் போடும் நேரம்.

இறங்கிப்போய்ச் சொன்னேன்.
முழங்கை வரை உளுந்து மாவோடு கேட்டார்:
"ஒம் பொட்டிக்கு எம்புட்டு நேரம் வேணும்?"
ஒன்றரை மணி.
"எம் மாவு பொங்க ஏழு மணி நேரம்.
விடிய ஆறுக்கு மொத ஈடு எறக்கணும்ல."
இரண்டுமே ராத்திரியில்
யாரும் தொடாமல் கிடந்து
மாற வேண்டியவை.
கொஞ்சம் யோசித்து
"சரி, எட்டுக்கே அரைச்சிர்றேன் போ" என்றார்.

அன்று
அறுபத்திரண்டைத் தாண்டியது.
அறுபத்து மூன்று.
எழுபது.
எழுந்து நின்றுவிட்டேன்.

எண்பத்தொன்றில் நீலம்.

கிரைண்டர் நிரபராதி.
விடிந்தபோது மாவு புளித்துவிட்டதாம்,
மூன்று பேர் பார்சலைத் திருப்பிக் கொடுத்தார்களாம்.
அவர் என்னிடம் மூச்சுவிடவில்லை.
பால்காரர் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு பாத்துருவோம்க்கா.
ரேமை உருவி
அழிரப்பர் வச்சுத் தேய்ங்க."
மகளின் பென்சில் டப்பாவிலிருந்து
ஸ்ட்ராபெர்ரி மணக்கும் ரப்பர்.
பொன்னிறப் பல்வரிசையில்
எத்தனை வருடக் கறுப்போ,
தேய்க்கத் தேய்க்க வந்தது.
திரும்ப அழுத்தியபோது
சுண்டுவிரலில் நெட்டி முறித்த சத்தம்.

பதினெட்டாம் தேதி இரவு, நூறு.
யாரையும் எழுப்பவில்லை.
நாலு நாள் எங்களைப் படுத்தியது
ரப்பர் தூளாக மேசையில் கிடந்தது,
ஊதினேன்.

காலையில் போய்
கிரைண்டர் மேல் குற்றமில்லை என்றேன்.
"அப்ப பழைய நேரத்துக்கே போட்டுக்கிறவா?"
போடுங்க.
வேறென்ன சொல்ல வேண்டுமோ
அது வாயில் வரவில்லை.
நாலு இட்லி வாங்கிக்கொண்டேன்.

பத்தொன்பது. இரவு பத்து ஐம்பது.
கீழே கல் உருளத் தொடங்கியது.
டியூப்லைட் சிமிட்டியது.
நிமிர்ந்து பார்த்தால்
இரண்டு கையாலும் பெட்டியை
அணைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கணக்கு ஏறிவிட்டது.
தம்பி கணக்கு
ஏறிக்கொண்டிருந்தது.