பதினாறாய் மடித்த ரிக்கற்

ஒருகொடவத்தையில், பக்டரியின் சோதனை அறையில்,
காற்றுவில் ஒன்று
நொடிக்கு இரண்டு தரம் குனிந்து நிமிர்கிறது.
எண்ணுவது என் வேலையல்ல, அதை மெசின் எண்ணும்.
நான் மணம் பிடிக்க இருக்கிறேன்.

வெடிக்கப்போகும் பை முதலில் மணக்கும்:
நூலும் றப்பரும் ஒன்றையொன்று விடும் இடத்தில்
சூடேறி,
நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்ததுபோல.
பிறகு சீறும். பிறகுதான் சத்தம்.
முதற்பை ஒன்பது லட்சத்தில் போனது.
இரண்டாவது பன்னிரண்டில், போயா தினத்தன்று,
நான் பணிஸ் கடித்துக்கொண்டிருக்கையில்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்:
இரண்டு விரிப்பு நைலோன் நூல்,
எதிரெதிர்ச் சாய்வில், ஒன்றன்மேல் ஒன்று.
கேகாலையிலிருந்து பீப்பாயில் வரும் பாலை
செம்மண் நிற மருந்தோடு கலந்து
அதில் தோய்த்துக் காயவைத்த நூல்.
தோய்க்காத நூலோடு றப்பர் ஒட்டாது,
கோபித்த சம்பந்தி மாதிரி
பக்கத்தில் இருந்தும் பேசாது.
நூலின் சாய்வு நிமிர்ந்தால் பை கொழுக்கும்.
படுத்தால் நீளும்.
இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு பாகை.
லலந்த அதைத் தேடி வெள்ளைப்பலகை முழுதும்
சைன், கொசைன் எழுதினார்.
அழித்தார். தேநீர் கேட்டார்.

மூன்றாவது பை வெடிக்கவில்லை.
இருபது லட்சம். இருபத்தைந்து.
கார்த்திகை மழை தகரத்தில் கொட்டியது.
புளுமெண்டால் குப்பைமேடு யன்னலால் உள்ளே வந்தது.
என் மூக்குக்குத்தான் குழப்பம்,
பை அதே கதியில் குனிந்து நிமிர்ந்தது.
முப்பத்தொரு லட்சத்தில் உடைந்தது
மெசினின் போல்ட்.

கேக் வந்தது. பணிப்பாளர் வந்தார்.
காப்புரிமைப் படிவம் வந்தது.
கண்டுபிடித்தவர் பெயருக்கு ஒரு வரி,
சாய்வைத் தீர்மானித்த முறைக்கு ஐந்து.
அதே சாய்வில் இன்னும் மூன்று பை செய்தார்கள்,
திரையைப் பார்த்து, தசமம் பிசகாமல்.
ஒன்றும் பதின்மூன்றைத் தாண்டவில்லை.

வெட்டுமேசை பெனடிக்ராவிடம் ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை.
தொட்டலங்கச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது
பேச வேறொன்றும் இருக்கவில்லை.
"அந்த மேசைச் சட்டம் ஆடுது தானே," என்றாள்,
"ரிக்கற் ஒண்ட மடிச்சு முட்டுக் கொடுத்து வச்சிருந்தேன்.
பணிப்பாளர் வாறார், துடைச்சு வைங்க எண்டாங்க.
எறிஞ்சிட்டேன்."
எத்தனை தரம் மடித்தாய்?
"கை போன போக்குல. நாலு இருக்கும்."

அவளுடைய கைப்பையில் இன்னொன்று கிடந்தது.
நாலு தரம் மடித்தால் பதினாறு தாள்.
மறுநாள் மைக்ரோமீற்றரில் பிடித்தேன்:
ஒன்று தசம் மூன்று மில்லிமீற்றர்.
சட்டம் சுழலும் அச்சிலிருந்து எண்பது மில்லிமீற்றரில் அது நின்றால்
ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான சாய்வு.
லலந்த பலகையைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு சிரித்தார், நல்ல மனிதர்,
காதுவரை சிவந்து.

நாலாம் முறை செய்த பை இப்போது
இருபத்தெட்டில் ஓடுகிறது.
படிவத்தில் இரண்டு பெயர்,
ஒன்றின் எழுத்துக்கூட்டலைத் திருத்த அவளைக் கூப்பிட்டார்கள்.
அவள் கேட்டது வேறு:
"இது எங்கட பஸ்ஸுக்கு வருமா?"

வராது. ஏதோ குளிர்தேசத்து ரயில்பெட்டிக்கு.
தட்டையாக்கி, அடுக்கி, ஆணியடித்து அனுப்புவோம்.
காற்றை அனுப்புவதில்லை.
வால்வைத் திறந்ததும் களனிக் கரைக் காற்று
புஸ்ஸென்று
எங்கள் முகத்திலேயே திரும்பிவிடும்.

ஆறு மணிக்கு மட்டக்குளி பஸ்.
இரும்புப் பட்டைவில்லும்
இங்குறுகடைச் சந்திப் பள்ளங்களும்
நாரி முறியக் குலுக்கின.
எண்ணிப் பார்த்தேன்,
நொடிக்கு இரண்டு தரம்.
நடத்துனர் கை நீட்டினார்.
பெனடிக்ரா மிச்சக்காசைச் சரிபார்த்தாள்,
ரிக்கற்றை வாங்கினாள்,
மடிக்கத் தொடங்கினாள்.